அப்பாவின் சிவப்பு ஐசி, என் நீல ஐசி

நவம்பர் 4, திங்கள்
கூலாய். காலையிலிருந்து மழை. சிங்கப்பூரிலிருந்து நான்கு நாள் லீவில் அப்பா வீட்டில். துணி காயவில்லை.

புதன்கிழமை அப்பாவுக்கு மலேசியக் குடியுரிமை நேர்காணல். இதற்கு முன் மூன்று முறை விண்ணப்பித்து மூன்றும் நிராகரிப்பு. இதே கூலாய் எஸ்டேட்டில், சுதந்திரத்துக்கு முந்தைய வருஷம் பிறந்தவர். ஒரு வருஷம் தள்ளிப் பிறந்திருந்தால் தானாகவே கிடைத்திருக்கும். தாத்தாவும் அவரைக் குடிமகனாகப் பதிந்து வைக்கவில்லை. அதனால் அடையாள அட்டை இன்றுவரை சிவப்பு ஐசிதான். நிரந்தரவாசி, அவ்வளவுதான்.

எனக்கு சிங்கப்பூர்க் குடியுரிமை வந்துவிட்டது. கணவர் குமாரும் பிள்ளைகளும் அந்த ஊர்க் குடிமக்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. மலேசியக் குடிமக்களின் நீல ஐசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வாங்க வேண்டியது: முட்டை, அப்பாவின் பிரஷர் மாத்திரை.

நவம்பர் 6, புதன்
நேர்காணல். அப்பா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அதிகாரி சின்னப் பெண், மரியாதையாக, மாமா என்பதுபோல், ‘பாக்சிக்’ என்றே கூப்பிட்டாள். நாட்டு உறுதிமொழியான ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளையும் தடுமாறாமல் சொன்னார். பிள்ளைகள் குடிமக்களா என்று கேட்டாள். மகள் குடிமகள்தான் என்று என்னைக் காட்டினார். என் ஐசியை வாங்கி நகல் எடுத்துக்கொண்டாள். கொடுத்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

பதில் வருமாம். எப்போது என்று தெரியாது.

வழியில் கடையில் தே தாரிக், ரொட்டி சானாய். அப்பா இரண்டு சாப்பிட்டார்.

நவம்பர் 7, வியாழன்
அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“அப்ப இங்க வந்தா, எத்தன நாள் தங்கலாம்னு பாஸ்போர்ட்டுல சாப்பு அடிப்பாங்களா?”

“ஆமாப்பா.”

உங்களுக்குப் பதில் வரும்வரை ஐசி கொடுப்பதை நிறுத்தி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

“நான் அம்பது வருசமா நிக்கிறேன். நீயும் எதுக்கு நிக்கணும்? போ லா.”

மீன் குழம்பில் உப்பு இல்லை. இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்
சிங்கப்பூர். நம் தூதரகம். நம் என்று எழுதிவிட்டேன். கூட்டம் இல்லை. கையெழுத்து, கைரேகை. ஐசியையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அழுவேன் என்று டிஷ்யூ எடுத்துப் போயிருந்தேன். தேவைப்படவில்லை. மதியம் வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் அப்பா போன். இன்னும் பதில் வரவில்லையாம். எப்போது வருகிறாய் என்றார். அடுத்த மாதம் என்றேன்.

“சரி. வரும்போது ஐசிய மறந்துடாத.”

அங்கே டிவி ஓடும் சத்தம். மழையா என்று கேட்டேன். இல்லை என்றார்.