அறுவை அறையில் எனக்குள்ள இடத்தைத் தினியோவுக்குத் தரக் கோரி

அனுப்புநர்
கெனெயில்வே செகோபா,
உயர்நிலைப் பள்ளி ஆசிரியை,
குருமன் வட்டாரம், வட கேப் மாகாணம்,
தென்னாப்பிரிக்கா.

பெறுநர்
கண்காணிப்பாளர் அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: அறுவை அறைக்குள் "மனைவி அல்லது இரத்த உறவினர் மட்டும்" என்னும் விதியைத் தளர்த்தக் கோருதல். நோயாளி: மொதுசி செகோபா, ஆண்கள் புற்றுநோய் வார்டு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்விதியால் பயன் பெறுபவள் நான் ஒருத்திதான். அதன்மேல் புகார் செய்பவளும் நானே.

2. என் கணவர் சிறு வயதில் கல்நார்ச் சுரங்கக் குப்பைமேட்டில் விளையாடியவர். அந்தத் தூசி இப்போது வலது நுரையீரலின் உறையில் புற்றாகியிருக்கிறது. மார்ஃபின் அவரைத்தான் தூங்க வைக்கிறது, வலியை அல்ல. ஆகவே வெளியூரிலிருந்து வரும் டாக்டர் ஃபான் வைக், இடது காதுக்குக் கீழே கழுத்தில் ஊசி செலுத்தி, தண்டுவடத்தில் வலி ஏறிச் செல்லும் தடத்தைச் சுட்டுவிடலாம் என்றார். நோயாளி விழித்திருக்க வேண்டும். ஊசிமுனையில் மின்சாரம் பாயும்போது உடம்பில் எங்கே சூடு தெரிகிறது என்று அவர் சொன்னால்தான் சுட வேண்டிய இடம் பிடிபடும். டாக்டருக்கு எங்கள் மொழி தெரியாது. மனைவி என்ற முறையில் நான் தலைமாட்டில் நின்று மொழிபெயர்த்தேன்.

3. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் என்னைப் பார்த்து, "ஒண்ணுமில்ல டீச்சர், நல்லாத்தான் இருக்கேன்" என்றார். வீட்டிலும் என்னை அப்படித்தான் அழைப்பார். வியர்வையில் தலையணை ஊறியிருந்தது. அப்போதும் அதே பதில். இடம் தெரியாமல் ஊசியை வெளியே எடுத்துவிட்டார்கள்.

4. அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் தினியோ வந்தாள். என் வீட்டை விட்டுப் போனதிலிருந்து என் கணவர் அவளோடுதான் வாழ்கிறார். டாக்ஸி நிறுத்தத்தில் எண்ணெயில் பொரித்த மக்வின்யா விற்பவள். என்னைவிட இளையவள், என்னைவிட உரக்கப் பேசுபவள். "யோவ், என்ன முழிக்கிற? எங்க வலிக்குதுன்னு ஒழுங்கா சொல்லு. இல்லன்னா மக்வின்யாவைப் பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்குக் குடுத்துட்டுப் போயிடுவேன்" என்றாள். அவர் சிரித்தார். பிறகு மார்பில் விரல் வைத்து, விலாவைச் சுற்றி முதுகு வரைக்கும் அங்குலம் அங்குலமாக, அழுதுகொண்டே காட்டினார். செவிலியர் பொன்ட்லே பார்த்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

5. ஐயா, மனுவில் பொறாமையை எழுதும் வழக்கமில்லை என்பது தெரியும். ஆனால் திருமணப் பதிவு என்னிடம் இருக்கிறது. அவர் வீட்டார் பரிசமாக ஓட்டிவந்த மாடுகள் என் அப்பாவின் தொழுவத்துக்குத்தான் வந்தன. அந்த அழுகையும் என்னிடம்தான் வந்திருக்க வேண்டும். எனக்கு அவர் தந்தது வீறாப்பு மட்டுமே.

6. செவிலியர்களிடமும் அவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்றே சொல்கிறார். எனவே தினியோ கேட்கட்டும், தானே உடனிருந்து மொழிபெயர்ப்பதாகப் பொன்ட்லே பரிந்துரைத்தார். தங்கள் அலுவலகம் விதியைக் காட்டி மறுத்துவிட்டது. டாக்டர் வரும் வியாழக்கிழமை வருகிறார். அதன்பின் இந்தக் குளிர்காலம் முடிந்து வசந்தகாலத்தில்தான் வருவார். என் கணவர் அதுவரை இருக்கமாட்டார்.

7. ஆகவே, சட்டப்படி மனைவியாகிய நான், அறுவை அறையில் எனக்குள்ள இடத்தைத் தினியோவுக்குத் தர முழுமனதோடு சம்மதிக்கிறேன். முழுமனதோடு என்பது பொய். சம்மதம் உண்மை. நான் வெளியே பெஞ்சில் இருப்பேன்.

8. இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சிகிச்சை பலித்தால் வலியோடு சூடும் குளிரும் வலது பக்கத்தில் தெரியாமல் போகும், தொடுவது மட்டும் தெரியும் என்று டாக்டர் விளக்கினார். என் கைகள் எப்போதும் சில்லென்றிருக்கும். "தள்ளிப் படு டீச்சர், தவளை ஊர்ற மாதிரி இருக்கு" என்று ஒவ்வொரு குளிர்காலமும் விலகிப் படுத்தவர் அவர். எனவே சிகிச்சைக்குப் பின் கட்டிலின் வலது பக்க நாற்காலியை எனக்கு ஒதுக்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இடது பக்கத்தை அவள் வைத்துக்கொள்ளட்டும்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
கெனெயில்வே செகோபா
(ஒப்பம்)

இடம்: குருமன்
நாள்: 13 ஜூன் 2011