பூவாடைக்காரிக்குப் புதுத்துணி

இசைவாணி அப்பாவுக்கு,

பேங்க்ல எழுநூறு ரூபா போச்சுன்னு குவைத்துல உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கும். எடுத்தது நான்தான். உங்க போன நான் எடுக்கறதில்ல. அந்தப் போன்லதான் அன்னிக்கு அவளத் திட்டினீங்க. அதான் லெட்டர்.

நெலத்துல மல்லாட்ட வெத போட்டாச்சு. கிணத்துக்குக் கம்பிவலையும் போட்டாச்சு. இனிமே போட்டு என்ன.

ஆடி வெள்ளிக்கு அவளுக்குப் படையல் வெச்சோம். கல்யாணம் ஆவாமப் போனவ, இனிமே அவதான் நம்ம வீட்டுத் தெய்வம், பூவாடைக்காரின்னு சொல்லி, உங்க அண்ணி திண்டிவனத்துல பட்டுப்பாவாட எடுத்தாந்தாங்க. செத்த பொண்ணுக்கு ஆசப்பட்ட துணியத்தான வெக்கணும்? பட்டுக்கு அவ எப்ப ஆசப்பட்டா? உங்க பணத்துல போன் கேம்ல வர்ற பொம்மைக்குச் செருப்பும் றெக்கையும் வாங்கிட்டு, ஊதா கவுனு மட்டும் பாக்கின்னு சொல்லிக்கினு இருந்தா. அதுக்குள்ளதான் நீங்க போன் பண்ணீங்க.

அவ போன எலையாண்ட வெச்சு, அந்தக் கவுன வாங்கினேன். பொம்மை அதப் போட்டுக்கினு ஒரு சுத்து சுத்துச்சு. கற்பூரம் காட்டி விழுந்து கும்பிட்டேன்.

"பொம்மைக்கு எதுக்குடி துணி"ன்னு அன்னிக்கு அவளக் கேட்டீங்களே, அத இப்ப என்னக் கேளுங்க. போன எடுக்கறேன்.

இப்படிக்கு,
அவ அம்மா