உன் போட்டோவுக்கு முடி வேணாம், ஆயா

என் ஆயாவுக்கு, என் தங்கத்துக்கு,

நீ போய் பன்னெண்டு நாளாச்சு. ஞாயித்துக்கெழமை உனக்குக் காரியம். மாலை போட்டு மாட்டலாம்னு வீடு பூரா தேடிட்டோம், உன் போட்டோ ஒண்ணுகூட இல்ல. ஆதார் கார்டுல இருக்கிறது ஒண்ணுதான். அதுலயும் நீ மொட்டை! திருமலையிலேர்ந்து வந்த கையோட போய் எடுத்திருக்க.

வேற எப்பிடி இருப்ப? மாடு நல்லபடியா கன்னு போடணும்னா முடி, தம்பி பாஸாகணும்னா முடி. உன் தலையில நாலு விரக்கடை வளர்றதுக்குள்ள வீட்ல யாருக்காவது ஏதாவது வந்துடும்.

முதல் மொட்டை உன் மவனுக்காக, எங்க நைனாவுக்காக. அவரு குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய் ஆறு மாசமா ஒரு சேதியும் இல்ல. ஒருநாள் புத்தூர் எஸ்டிடி பூத்துக்கு அவரு போன் வந்துச்சு. மறுநாளே என்னையும் இழுத்துக்கினு மலைக்குப் போயிட்ட. எனக்கு ஆறு வயசு. வடமாலபேட்டையிலேர்ந்து வந்திருந்த ஒரு அம்மாகிட்ட என்னை உக்கார வச்சிட்டு முடி குடுக்க உள்ள போன. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு மொட்டைக் கிழவி வந்து என் கையைப் பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்? "இது எங்க ஆயா இல்ல"ன்னு கத்தினேன் பாரு! கூட்டம் கூடிடுச்சு. புள்ள புடிக்கிறவளோன்னு நெனச்சு ஆளாளுக்குத் தெலுங்குல விசாரிக்கிறாங்க. நீயோ இடுப்புல கை வச்சிக்கினு என்னைப் பார்த்து, "ஏண்டி கழுத, காலையில நாலு இட்லி துன்னப்போ மட்டும் நான் உங்க ஆயாவா?"ன்ன. அந்தக் குரல் கேட்டதும் ஓடியாந்து உன் காலைக் கட்டிக்கினேன். கூட்டமே சிரிச்சுது.

பஸ்ஸுல உன் மடியில உக்காந்து தலையைத் தடவிக்கினே வந்தேன். சந்தனம் பூசினது ஜில்லுன்னு இருந்துச்சு. "கூசுதுடி, விடு"ன்னு சொல்லுவ, ஆனா இன்னும் கொஞ்சம் குனிஞ்சு குடுப்ப. அவ்ளோ சந்தோஷமா இருந்த நாள் எனக்கு வேற இல்ல ஆயா.

அப்பேர்ப்பட்ட நான்தான் என் கல்யாணத்துல அப்பிடிச் சொன்னேன். எனக்கு வரன் அமைஞ்சா முடி தரேன்னு வேண்டிக்கினு, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே போய்க் குடுத்துட்டு வந்து நின்ன. மாப்பிள்ளை வீடு மெட்ராஸ். போட்டோவுக்குக் கூப்பிட்டப்ப உன் காதுல, "நீ அப்பால இரு ஆயா, அவங்க ஏதாச்சும் சொல்லுவாங்க"ன்னேன். "அதுக்கென்ன கண்ணு, நான் பந்தியைப் பார்க்கிறேன்"னுட்டுப் போயிட்ட. ஆல்பத்துல சமையக்காரர்கூட இருக்காரு. நீ இல்ல.

அதுக்கப்புறம் யாரு கேமரா எடுத்தாலும் நீயே எழுந்து போயிடுவ. ஏன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு வாட்டியாவது என்னைத் திட்டியிருக்கலாமே?

தம்பி இப்ப ஸ்ரீ சிட்டி கம்பெனியில வேலை. நேத்து லீவு போட்டுட்டு என்கூட ஸ்டுடியோவுக்கு வந்தான். ஸ்டுடியோக்காரர் ஆதார் படத்தைப் பார்த்துட்டு, "அக்கா, கம்ப்யூட்டர்ல முடி வச்சு கொண்டை போட்டுடவா?"ன்னாரு. தம்பியும், "வைக்கட்டும்கா, நாலு பேர் வர்ற எடம்"னான். எனக்கு அழுகை பொத்துக்கினு வந்துடுச்சு. "அந்தத் தலையில முடி இல்லாததுக்கு நம்மதாண்டா காரணம்"னு கத்திட்டேன். கல்யாணத்துல நான் செஞ்சதையும் அங்கியே சொன்னேன். அவன் ஆதார் கார்டைக் கையில வாங்கிப் பார்த்தான். அப்புறம், "இருக்கிறமாதிரியே போடுங்க, பெருசா போடுங்க"ன்னுட்டு வெளிய போயிட்டான்.

ஞாயித்துக்கெழமை என் மாமியார் வீட்டு ஆளுங்க எல்லாம் வராங்க. எதுக்கு மொட்டைப் படம்னு கேக்கட்டும். "அன்னிக்கு நீங்க யாரும் ஒண்ணும் சொல்லல, எங்க ஆயாவை ஒதுக்கினது நான்தான்"னு அத்தனை பேர் எதிர்லயும் சொல்லுவேன். இது சத்தியம். அப்புறம் குடும்பத்தோட ஒரு போட்டோ எடுக்கப்போறோம். உன் படத்தை மார்ல அணைச்சிக்கினு நான் நடுவுல நிப்பேன். இந்த வாட்டி நீ எழுந்து போக முடியாது ஆயா.

உன் மவன் வயித்துப் பேத்தி,
சரசு