ஜன்னல் வேண்டுமா, வேண்டாமா

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா வேளைக்கு மாத்திரை போடுகிறாரா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

எப்போதும் புகழ்ந்து பேசுவேனே, இந்த ஊர்க் கட்டடக்கலைஞர் தம்பதி, அவர்கள் நேற்று எங்கள் வகுப்புக்கு வந்தார்கள். நான் வரைந்த வீட்டைப் பார்த்து, "இந்தப் பெரிய ஜன்னல்தாம்மா வீட்டுக்கே அழகு" என்றார் கணவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே அவர் மனைவி, "முதல்ல அதை எடு. உள்ள இருக்கறவ அழணும்னா எங்க போவா?" என்றார்.

என் மேசையிலேயே இருவருக்கும் வாக்குவாதம். "நீயே சொல்லு, யார் சொல்றது சரி?" என்று கணவர் என்னைக் கேட்டதும், "ரெண்டு பேருமே" என்று உளறினேன். வகுப்பே சிரித்தது. அந்த அம்மா மட்டும் சிரிக்காமல், "லீவுல எங்க ஆபீசுக்கு வா" என்றார். பாராட்டா, பரிதாபமா, தெரியவில்லை. வருகிறேன் என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. விடுமுறைக்கு வீட்டுக்கு வர முடியாதே என்பது பிறகுதான் உறைத்தது.

நேற்றிலிருந்து ஜன்னலை அழிப்பதும் வரைவதுமாக இருக்கிறேன். போனில் கேட்கக் கூச்சம்: நம் வீட்டில் உனக்கு அழுகை வந்தால் எங்கே போவாய்?

என் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உன் மகள்