வெதுவெதுப்பாப் போதும்

என் வீட்டுக்காரருக்கு,

அக்கா என்னை இங்கே கூட்டிட்டு வந்ததிலிருந்து ஒரு தடவைகூட வலிப்பு வரலை. "அந்த ஆளை விட்டு வந்ததும் சரியாயிடுச்சு பாத்தியா"ன்னு அவ குத்திக்காட்டாத நாளில்லை.

இங்கே அக்கா கூட்டிட்டுப் போன டாக்டரம்மா மட்டும், "வலிப்பு எங்கே வெச்சு வரும்?"னு கேட்டாங்க. குளியலறையிலதான்னேன். ஆவி பறக்க வெந்நீர் வெச்சு நீங்கதான் தலைக்கு ஊத்துவீங்க, வலிப்பு வந்துட்டா, சூடு பத்தலைன்னு அடுத்த தடவை இன்னும் சூடா ஊத்துவீங்கன்னு சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டாங்க. தலையில சுடுதண்ணி பட்டாலே சிலருக்கு வலிப்பு வருமாம். அக்கா வீட்டு ஹீட்டர் ரிப்பேர், அதான் தப்பிச்சேன்!

மாத்திரை குடுத்திருக்காங்க. அக்காதான் வேளாவேளைக்கு எடுத்துக் குடுக்கறா.

உங்களையே நொந்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போங்க. இனியும் தலைக்கு நீங்கதான் ஊத்தணும். முதல் சொம்பை மட்டும் உங்க கையில ஊத்திப் பாருங்க.

உங்க வீட்டுக்காரி