சபையில் வைத்த கம்ப்யூட்டர்

9 பிப்ரவரி 2025, ஞாயிறு

கிராபிக்ஸ் கார்டு வாங்க மதுரை போய் வந்தேன். படம் விட்டு விட்டு நிற்காமல் கேம் ஓட அதுதான் வேண்டும். பழையதுதான். விற்றவர் இதைவிட நல்லதாக ஒன்று வாங்கிவிட்டாராம். இரண்டு வருடம் ஓடிய கார்டு, பின்பக்கத் தகட்டில் கொஞ்சம் துரு. ஓட்டிக் காட்டச் சொன்னேன், ஓடியது. புதிதாக வாங்கினால் என் ஒன்றரை மாதச் சம்பளம் போய்விடும்.

பதினான்கு மாதமாகக் கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு சாமானாக வாங்கிச் சேர்க்கிறேன். பணத்தைச் சேர்த்து ஒரே நாளில் மொத்தமாக வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்கிறான் கிறிஸ்டோ. தளவாய்புரத்துக்காரன், மில்லில் டைம் ஆபீசில் என் பக்கத்து மேஜை. அவன் வீட்டில் பணம் பணமாகவே இருக்கும் போல. எங்கள் வீட்டில் கையில் ரொக்கம் இருந்தால் மொட்டை, காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒன்று வாசலில் வந்து நிற்கும். ரேமை யாரும் கைமாற்றாகக் கேட்க மாட்டார்கள்.

முப்பத்தொரு வயதில் கேம் விளையாடக் கம்ப்யூட்டரா என்று அம்மா கேட்கிறாள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அடுத்தவன் வந்ததையும் லேட்டானதையும் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று ஒரு பொருள் வேண்டும். அவ்வளவுதான்.

23 பிப்ரவரி, ஞாயிறு

எல்லாவற்றையும் மாட்டினேன். ஸ்கிரீன் வரவில்லை.

24 பிப்ரவரி

ரேம் சரியாக உட்காரவில்லை. ஓர் அழுத்து, வந்துவிட்டது! நான் சிரித்த சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

16 மார்ச், ஞாயிறு

அக்காவும் ரஞ்சனியும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்தார்கள். ரஞ்சனிக்குப் பதிமூன்று வயது, அக்காவின் ஒரே மகள். லாரி ஓட்டும் கேமைப் போட்டுக் கொடுத்தேன். ஏதோ வெளிநாட்டு ரோடு, மழை, இருபது டன் சரக்கு. நானாக இருந்தால் பறப்பேன். அவள் சிக்னலில் நின்று நின்று போகிறாள்.

“யாருமே இல்லாத ரோட்டுல எதுக்குட்டி நிக்கே?” என்றேன்.

“சிவப்பு எரியுதுல்லா மாமா.”

சாப்பிடக்கூட எழுந்து வரவில்லை. இந்த வீட்டில் அந்தப் பெட்டியின் அருமை தெரிந்த இன்னொரு ஆள்.

20 ஏப்ரல், ஞாயிறு

ரஞ்சனி பெரியவளாகிவிட்டாள் என்று அக்கா போன் பண்ணினாள். அம்மாவுக்குச் சந்தோஷம் அரை மணி நேரம்தான். பிறகு விரலை மடக்கிச் சீர்க் கணக்கு ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரே தாய்மாமன். சடங்கு மே நாலாம் தேதி.

26 ஏப்ரல்

அரைப் பவுன் மோதிரம், பட்டுச்சேலை, பழத்தட்டு. இதற்கே மில்லில் அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். அம்மாவுக்கு முகமே சரியில்லை. போன வருடம் அத்தானுடைய அண்ணன் மகளுக்கு அவள் மாமன் பிரிட்ஜைக் கொண்டுவந்து இறக்கியதைத் தினமும் ஒரு தடவை சொல்கிறாள்.

இன்று அந்தப் பெட்டியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“ஏலே காளி, இதயும் வரிசையில வைப்பமா?”

“என்னது?”

“சும்மா பார்வைக்குத்தான்யா. சபையில வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு, பொறவு நம்ம வேன்லயே ஏத்திட்டு வந்திருவோம். யாருக்குத் தெரியப்போவுது?”

முடியாது என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

29 ஏப்ரல்

மூன்று நாளாக அம்மா என்னோடு பேசவில்லை. இரும்பு டம்ளராக இருந்தாலும் நெளிந்திருக்கும், அப்படி வைக்கிறாள் காபியை. சரி என்று சொல்லிவிட்டேன். போட்டோவுக்குத்தானே.

4 மே, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

மேளத்தோடு மண்டபத்துக்குள் போனோம். பதினோரு தாம்பாளம், பின்னால் நானும் கிறிஸ்டோவும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. அம்மா அதற்கு ரோஸ் ரிப்பன் கட்டியிருந்தாள். போட்டோ எடுத்தார்கள். நான் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று, வேனை எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கிறோம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் மைக்கில் சீர் வாசிக்க ஆரம்பித்தார் ஒருத்தர். இதை எப்படி மறந்தேன்? எல்லாச் சடங்கிலும் வாசிக்கத்தானே செய்கிறார்கள்! “தாய்மாமன் காளிராஜ் அவர்கள் அன்புடன் வழங்கும் கம்ப்யூட்டர் செட் ஒன்று.” கை தட்டினார்கள். அத்தானின் அண்ணன் என் முதுகில் தட்டி, “தாய்மாமன்னா இப்படியில்லா இருக்கணும்” என்றார். நான் பல்லைக் காட்டினேன். வேறு எதைக் காட்ட?

சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அத்தான் வீட்டார் லோடு ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். மானிட்டர், கீபோர்டு, ரிப்பன் எல்லாமே. அம்மாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன்.

“சொல்லும்மா அவங்ககிட்ட.”

“சபையில வாசிச்சதத் திருப்பிக் கேக்க முடியுமாலே? உங்க அக்கா அந்த வீட்டுல தலை நிமிந்து நடக்க வேண்டாமா?”

“நீதானம்மா சொன்ன, வேன்ல ஏத்திட்டு வந்திருவோம்னு!”

“நான் படிக்காதவ, சொல்லுவேன். நீ யோசிச்சிருக்கணும்.”

என் பதினான்கு மாதம் ஒரு ஆட்டோவில் ஏறிப் போயிருச்சு. நானும் கிறிஸ்டோவும் தூக்கிட்டுப் போயி குடுத்திருக்கோம். யாரும் புடுங்கல. அதுதான் எரியுது.

5 மே

மேஜை காலி. மிஞ்சிக் கிடக்கும் வயரை வைத்து எலி பிடிக்கவா?

11 மே, ஞாயிறு

தெருவில் எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்க்கிறார்கள். சந்தைக்குப் போன அம்மா இதே பேச்சோடு திரும்பி வருகிறாள். எனக்கு நல்ல பேர் கிடைத்திருக்கிறதாம். அந்தப் பேரில் கேம் ஏற்ற முடியுமா என்று கேட்கவில்லை.

15 ஜூன், ஞாயிறு

அத்தான் போன் பண்ணினார். கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறதாம். “நீங்க குடுத்தது, நீங்கதான மாப்ள பாக்கணும்” என்றார். நியாயம்தான். பஸ் ஏறிப் போனேன்.

வீட்டு முன்பக்கம் அவர் ஜெராக்ஸ் கடை. அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார். பட்டா, சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட் எல்லாம் அதில்தான் அச்சடிக்கிறார். கேபினட் தலையில் சந்தனமும் குங்குமமும். உள்ளே திறந்தால் ஃபேன் முழுக்க ஜெராக்ஸ் மெஷினின் மைத்தூள். ஒரு மணி நேரம் துடைத்தேன். ரோட்டில் பறக்கப் பிறந்த வண்டியை ரைஸ்மில்லில் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது.

ரஞ்சனி காபி கொண்டு வந்தாள். மெதுவாகச் சொன்னாள், “மதியம் அப்பா கடைய அடைச்சிட்டுத் தூங்குவாரு மாமா. அப்ப ஒரு மணி நேரம் ஓட்டுவேன். இப்ப வெளிய எங்கயும் விடமாட்டேங்காங்க.”

நல்லது, ஓட்டு என்றேன். மனசாரத்தான் சொன்னேன். 

13 ஜூலை, ஞாயிறு

மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் மைத்தூள். நான் தரையில் உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது, நாற்காலியில் இருந்துகொண்டு அத்தான் சொல்கிறார்:

“கடைக்கு வந்த பையன் ஒருத்தன் பின்னாடி பாத்துட்டுச் சொன்னான், இது பழைய சாமானாமே மாப்ள? துருப் பிடிச்சிருக்காம். சபையில வைக்கது, புதுசா வச்சிருக்கலாம்.”

அக்கா அங்கேதான் நின்றாள். ஜெராக்ஸ் தாளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். யாருக்காக வாயை மூடிக்கொண்டு திரிகிறேனோ, அவள்.

அத்தான் சாப்பிட உள்ளே போனார். கார்டைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன். மானிட்டர் கேபிளை எடுத்து மதர்போர்டிலேயே சொருகினேன். பிராசசருக்குள் சுமாரான கிராபிக்ஸ் உண்டு, பட்டா அச்சடிக்க அது போதும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒருத்தியைத் தவிர. தெரிந்துதான் எடுத்தேன். பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு, ஏன் இப்படிச் செய்தேன் என்று என்னையே கேட்டேன். நான் வாங்கினது. என் சாமான். இதுக்குப் பேரு திருட்டா?

16 ஜூலை

பீரோவில் சேலைகளுக்கு அடியில் கார்டு. மாட்ட இடமில்லாத கார்டு. எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

20 ஜூலை, ஞாயிறு

கிறிஸ்டோவிடம் விற்றுவிட்டேன். வாங்கின விலையில் பாதி. மறுபடியும் கேபினட்டிலிருந்து தொடங்க எனக்குத் தெம்பில்லை.

23 ஜூலை

அக்கா போனிலிருந்து ரஞ்சனி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். சத்தமில்லாமல் பேசுகிறாள்.

“மாமா, நீங்க வந்துட்டுப் போனதுலேருந்து லாரி ஓடமாட்டேங்குது. கட்டம் கட்டமா நிக்கு. அப்பாட்ட சொல்லல.”

மூன்று தடவை கேட்டேன். கேமில் ஏதோ மாற்றியிருப்பார்கள், வந்து பார்க்கிறேன் என்று பதில் அனுப்பினேன். எவ்வளவு சுலபமாக வருகிறது பொய்.

24 ஜூலை

கிறிஸ்டோவிடம் கார்டைத் திருப்பிக் கேட்டேன். பணத்தோடு கூடக் கொஞ்சம் தருவதாகவும் சொன்னேன்.

“நல்லா ஓடுதுண்ணே. குடுத்தத எதுக்குத் திருப்பிக் கேக்கீங்க?” என்றான். அவ்வளவுதான், கம்ப்யூட்டரில் வருகைப் பதிவைப் பார்க்கத் திரும்பிவிட்டான். கூச்சப்படவில்லை, தலையைச் சொறியவில்லை. மே மாதம் எனக்கு இந்த வாய் இருந்திருந்தால்!

28 ஜூலை, திங்கள்

ஆடிப்பூரம், மாவட்டத்துக்கே லீவு. தேர் பார்க்க அக்கா கூப்பிட்டிருந்தாள், அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவும் அக்காவும் தேருக்குப் போய்விட்டார்கள். அத்தான் தெருமுனையில் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குள் விடமாட்டார்கள் என்று ரஞ்சனி மட்டும் வீட்டில் இருந்தாள். கார்டு சூடாகிக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

கம்ப்யூட்டரைப் போட்டேன். லாரி கேம் இல்லை.

“எங்கட்டி கேமு?”

“அழிச்சிட்டேன் மாமா.”

“ஏன்?”

 பெட்டியின் பின்பக்கம் கையைக் காட்டினாள். குனிந்து பார்த்தேன். கார்டு இருந்த ஓட்டையை அடைத்து, நோட்டு அட்டையை அளவாக வெட்டி ஒட்டியிருந்தாள். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் தீட்டியும் வைத்திருந்தாள்.

“அந்தப் பையன் மறுபடி வந்து பின்னாடி பாத்தாலும் தெரியாது மாமா. கேமு இருந்தா, ஓடலன்னு கண்டுபிடிச்சிருவாங்க. கேமு எங்கன்னு அப்பா கேட்டா, பரிச்சை வருதுன்னு நான்தான் அழிச்சேன்னு சொல்லிக்கிடுவேன். நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க.”

ஒத்திகை பார்த்த பொய்யைச் சொல்ல வேண்டியே வரவில்லை. வெட்கமாக இருந்தது. அத்தானிடம், அக்காவிடம், அந்த மண்டபம் முழுவதிடமும் எனக்குக் கோபம் இருந்தது. இவள் என்ன செய்தாள்? ஓட்டு என்று நான்தான் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. காபி போடவா என்று கேட்டாள், சரி என்றேன். குடித்துவிட்டு, அம்மா வந்ததும் நாலு மணி பஸ்ஸில் ஏறிவிட்டோம்.