மிளகாய் அறையில் வைத்த நோட்டுகள்

அக்கா,

பள்ளிக்கூடம் பூட்டியாயிற்று. என் பேத்தி பிந்துவின் மகள் மீனு, போன வருஷத்து நோட்டுகளை நேற்று மத்தியானம் நடுவீட்டில் பரப்பிப் போட்டிருந்தாள். பாதி எழுதினது, கால்வாசி எழுதினது என்று ஒரு குவியல். எழுதாத தாள்களைக் கிழித்து ஒரு பக்கம் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழிபடும் சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டதும் நாம் வேலை பார்த்த சுக்குக் கிடங்கின் வராந்தா என் முன்னால் வந்து நின்றது. நீயும் வந்து உட்கார்ந்தாய், ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி.

மீனு தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஆச்சி, அந்த மறதி ஆச்சி கதை சொல்லு. நோட்டெல்லாம் மிளகாயில கொண்டுபோய் வெச்ச கதை."

மறதி ஆச்சி என்றால் நீதான். எங்கள் வீட்டில் உனக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நீ போய் நான்கு வருஷமாகிறது. பெயர் மட்டும் போகவில்லை. கல்யாண வீட்டில், ஓண விருந்தில், யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும், பிந்து சொல்ல ஆரம்பித்துவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். நேற்று மட்டும் என்னவோ எனக்கு வாய் வரவில்லை. "அப்புறம் சொல்றேன் மோளே" என்று எழுந்து பின்பக்கம் போய்விட்டேன்.

நீ மறதிக்காரி இல்லை என்பது நேற்று மத்தியானம்வரை இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி போய்விட்டாள். மற்றவள் இதை எழுதுகிறாள்.

உனக்குப் படிக்க வராது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து என்னிடம்தான் நீட்டுவாய். "அஞ்சாங் கிளாஸ் டீச்சரே, என்ன எழுதியிருக்கான்னு பாரு" என்பாய். அதனால் இதையும் சத்தமாக வாசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். அடுத்த வீட்டுக்காரி கேட்டால் கேட்கட்டும்.

பிந்து பிரீடிகிரிக்குச் சேர்ந்த வருஷம் நினைவிருக்கிறதா? நம் சந்தில் காலேஜ் படியை மிதித்த முதல் பெண் அவள்தான். என் மகளுக்குக்கூட அவ்வளவு பெருமை இல்லை, எனக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லை. சுக்குப் பொறுக்கும்போதும் பிந்து, சாக்குத் தைக்கும்போதும் பிந்து. நீ பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாய்: "எடி லெச்சு, காலேஜுக்குப் போறது உன் பேத்தி. நீ என்னமோ பிரின்சிபால் மாதிரி நடக்கிறே."

அவளும் கூடப் படிக்கிற ஏழெட்டுப் பேரும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போக ஆரம்பித்தார்கள். அடிமாலிக்கு மேலே, ஜீப் மட்டுமே போகிற ஒரு ஊர். ஏலத்தோட்டத்து வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு அங்கே ஒரே ஒரு பள்ளிக்கூடம், ஒரே ஒரு டீச்சர். இவர்கள் போய் கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள், பாட்டுச் சொல்லிக் கொடுப்பார்கள், சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். அங்கே பாதிப் பிள்ளைகளுக்கு எழுத நோட்டு இல்லை என்று பிந்து வந்து சொன்னாள். வீடு வீடாகப் போய்ப் பழைய நோட்டு கேட்டு, எழுதாத தாளைக் கிழித்துச் சேர்த்துப் புது நோட்டாகத் தைக்கப் போகிறோம் என்றாள்.

சேர்த்தார்கள். தைக்கத்தான் தெரியவில்லை. பசை போட்டு ஒட்டினார்கள், பூத்தொடுக்கும் நூலில் கட்டினார்கள். இரண்டு தடவை புரட்டினால் தாள் தாளாகக் கையோடு வந்தது. பிந்து அதில் ஒன்றை நம் கிடங்கு வராந்தாவுக்குக் கொண்டுவந்து காட்டினபோது நீ வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நோட்டா, கோழி கொத்தின கீரையா?" என்றாய். மடியிலிருந்து கோணி ஊசியை எடுத்தாய். மூன்று ஓட்டை, சணல் நூல், ஒரு முடிச்சு. அவ்வளவுதான்.

கூட வந்திருந்த நவாஸ் கேட்டான், "அம்மாயி, இது சாக்குத் தைக்கிற ஊசியல்லே?"

"ஆமா. அம்பது கிலோ சுக்கைப் பிடிச்சு நிறுத்துது. உங்க கணக்கும் பாட்டும் நிக்காதாக்கும்?"

அன்றிலிருந்து சனிக்கிழமை வேலை முடிந்ததும் வராந்தாவில் நம் கூட்டம். பிள்ளைகள் கிழித்து அடுக்குவார்கள், நாம் தைப்போம். தட்டச்சுக் கூடத்துக்கும் போகிற பெண், மீன்காரி மகன், நம் சேட்டன் கடையில் சாயா அடிக்கிறவரின் மகள், எல்லாம் பதினாறு பதினேழு வயசுக்காரர்கள். உன் வாய்க்குப் பயந்தே முடிச்சைச் சரியாகப் போடக் கற்றுக்கொண்டார்கள். மே மாதம் முடிவதற்குள் மூன்று கோணி நிறைய நோட்டு.

அப்புறம்தான் மழை வந்தது.

உன் தங்கை மகளுக்குப் பேறுகாலம் என்று நீ காயலுக்கு அக்கரையில் இருக்கிற வைப்பினுக்குக் கிளம்பினாய். பதினேழு வருஷமாக உன் இடுப்பை விட்டு இறங்காத கிடங்குச் சாவியை என் கையில் வைத்தாய். "நோட்டு மூட்டைய நனைய விட்டுடாத. உள்ள எடுத்து வை. மிளகா ரூம் மட்டும் வேண்டாம், கேட்டோ" என்றாய். படகு ஜெட்டிக்குப் போகிற வழியில் திரும்பி நின்று இன்னொரு தடவையும் சொன்னாய்.

இரண்டாம் நாளே சாரல் வராந்தாவைப் பிடித்தது. சுக்கு அறைகளில் உத்தரம் வரைக்கும் சரக்கு. மிளகாய் அறையைத் திறந்தேன். அடுப்படி மாதிரி உலர்ந்து கிடந்தது. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன், அக்கா. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நெடியும் இல்லை. முப்பது வருஷம் அந்தக் காற்றைக் குடித்த மூக்கு. புதிதாக வருகிற வேலைக்காரர்கள் வாசலிலேயே தும்மும்போது நாம் சிரிப்போமே, நமக்குத் தும்மல் நின்று போய் எத்தனை காலமாயிற்று! நீ சும்மா பயப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டு மூன்று கோணியையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். நான்கு நாள் அங்கே கிடந்தன.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் வந்து மூட்டையை எடுத்துக்கொண்டு நேரே மலைக்கு பஸ் ஏறிவிட்டார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கும்போது கொடுப்பதாக ஏற்பாடு. மத்தியானம் நீ வந்தாய். எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டாய், சொன்னேன். நீ திட்டவில்லை.

"வாய் கட்டியிருந்துச்சா?"

"கட்டித்தான் இருந்துச்சு."

"கோணி லெச்சு அது, தகரமில்ல."

செவ்வாய்க்கிழமை பிந்து அழுதுகொண்டு வந்தாள். பின்னாலேயே மற்றவர்களும். நம் கிடங்கு முற்றத்தில் வைத்துத்தான் எல்லாம் கேட்டோம். நோட்டைக் கையில் வாங்கினதும் பிள்ளைகள் செய்த முதல் காரியம், விரித்து முகர்ந்து பார்த்ததாம். எந்தப் பிள்ளைதான் செய்யாது? தும்மல் தொடங்கியிருக்கிறது. கண்ணைக் கசக்கியிருக்கிறார்கள். சின்னதுகள் விரலை நாக்கில் தொட்டுத் தாள் புரட்டியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் முழுக்க ஒரே அழுகை. இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்கு இரண்டு கண்ணும் வீங்கித் திறக்க முடியாமல், ஜீப்பில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். "பழைய காயிதத்தக் குடுத்து எங்க பிள்ளைங்க கண்ணக் கெடுக்கவா டவுன்லருந்து வந்தீங்க?" என்று தாய்மார் சூழ்ந்துகொண்டார்களாம். இனி வர வேண்டாம் என்று டீச்சரும் சொல்லிவிட்டார்.

"மிளகா ரூம்ல வெச்சது யாரு?" என்று பிந்து கேட்டாள். உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் வாயைத் திறந்தேன், அக்கா. திறந்தது உண்மை. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை காலேஜ் பிள்ளைகளையும் பார்த்தேன். இவர்களிடமெல்லாம் நான் பிந்துவின் அம்மாச்சி, அஞ்சாம் வகுப்பு படித்தவள், விவரமானவள். சத்தம் வெளியே வரவில்லை.

"நான்தான் மோளே" என்றாய் நீ. "வயசாச்சில்ல, மறந்து போச்சு."

நீ வைப்பினில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

மேஸ்திரி காதுக்குப் போனது. சரக்கு அறையில் ஊரான் சாமானை ஏற்றியது யார் என்று கேட்டார். அதற்கும் நீதான், ஊருக்குப் போகிற அவசரத்தில் வைத்துவிட்டேன் என்றாய். சாவியை அவிழ்த்து அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்து கூலிக்காரிகளோடு சல்லடைப் பக்கம் உட்கார்ந்தாய். அந்த இடத்திலிருந்து நீ எழுந்து போய் எத்தனை வருஷமாகியிருந்தது! பக்கத்தில் உட்கார எனக்குத்தான் கூசியது. நீயோ, "இடுப்பு லேசாயிடுச்சுடி" என்று சிரித்தாய்.

அடுத்த ஞாயிறு, வர வேண்டாம் என்ற இடத்துக்கே போகலாம் என்றாய். பிள்ளைகள் பயந்தார்கள். "நீங்க பேச வேண்டாம். நான் பேசிக்கறேன்" என்றாய். விடிகாலை முதல் போட்டில் எறணாகுளம் போய் அங்கிருந்து பஸ், அடிமாலியிலிருந்து ஜீப். நீ மலையைப் பார்த்ததே இல்லை. நேரியமங்கலம் பாலம் தாண்டி வளைவு ஏற ஆரம்பித்ததும் என்னைத் தள்ளிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து நீ வாந்தியெடுத்துக்கொண்டே வந்தாய். நடுவில் தலையைத் தூக்கி, "உன் பேத்தி மாசாமாசம் இதையா பண்றா? பெருமைப்பட்டுக்கோடி, தப்பில்ல" என்றாய்.

பள்ளிக்கூட வாசலில் தாய்மார் நின்றார்கள். வீங்கின கண்காரியின் தாய் முன்னால் நின்றாள். பிள்ளை அவளுடைய சேலைக்குள் ஒண்டிக்கொண்டிருந்தது. வீக்கம் வடிந்திருந்தது, கண் மட்டும் சிவப்பு. நீ நேரே அவளிடம் போய்க் கையைக் கூப்பினாய்.

"எம்மா, என் கையால வந்த வினை. இந்தப் பிள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. அதுங்க நல்லதுதான் நெனச்சதுங்க. முப்பது வருஷமா மிளகாக் கிடங்குல கெடக்கறேன், நெடி தெரியறதில்ல. ஏசுறதுன்னா என்னைய ஏசுங்க."

அந்தத் தாய் உன்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "துளிகூடத் தெரியாதா?"

"தெரியாதும்மா."

"நான் ஏலக்கா ஸ்டோர்ல பதிமூணு வருஷம்" என்றாள் அவள். "பாயசத்துல ஏலக்கா போட்டிருக்கா இல்லையான்னு எம்மகளக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கறேன்."

பக்கத்தில் நின்றவள் ஒருத்தி சிரித்துவிட்டாள். அதோடு முடிந்தது. மூன்று கோணியையும் வெளியே கொட்டி, அவர்களும் நாமுமாக ஒவ்வொரு நோட்டாக விரித்துக் காற்றில் உதறினோம். மழை விட்ட நேரமாகப் பார்த்துப் பாறைமேல் பரப்பி வெயில் காட்டினோம். பிந்துவும் கூட்டாளிகளும் அடுத்த மாதம் வரலாம் என்று டீச்சர் சொன்னார். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் போனார்கள். அந்தப் பிள்ளைகளை ஒரு தடவை போர்ட் கொச்சிக்குக் கூட்டி வந்து கடல் காட்டினபோது, கண் வீங்கின அந்தப் பெண் உன் கையைத்தான் பிடித்துக்கொண்டு அலைக்குள் இறங்கினாள்.

எனக்குக் கிடைக்க வேண்டிய மன்னிப்பை அன்றைக்கு நீ வாங்கினாய், அக்கா. பக்கத்திலேயே நின்று நோட்டை உதறிக்கொண்டிருந்தேன்.

இறங்குகிற பஸ்ஸில், பிள்ளைகள் தூங்கினபிறகு கேட்டேன். "ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"பேத்தி முன்னால உன் தல தாழக் கூடாதுடி. எனக்கென்ன, பிள்ளையா பேத்தியா, என்னைய யாரு தல நிமிர்ந்து பாக்கறாங்க?"

உனக்குப் பிள்ளையில்லை. அதை நீயாக வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான். நாளைக்குப் பிந்துவிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம்" என்றாய். வேண்டாம் என்று நீ சொன்னது எனக்கு வசதியாகப் போயிற்று. அதையும் எழுதிவிடுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் பிந்து வேலைவிட்டு வந்ததும் உட்கார வைத்துச் சொன்னேன். மீனுவும் இருந்தாள். வைப்பின், மழை, சாவி, நீ இரண்டு தடவை சொன்னது, எதையும் விடவில்லை. மீனு சிரிப்பு வரும் இடத்துக்காகக் காத்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை. "அப்ப அந்த ஆச்சிக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சா?" என்று கேட்டாள். "உன் பிறந்த நட்சத்திரம்கூட ஞாபகம் இருந்துச்சு" என்றேன்.

பிந்து என்னைத் திரும்பிப் பார்த்து, "செத்த வீட்டில வெச்சுக்கூட அந்தக் கதையச் சொல்லிச் சிரிச்சேனே அம்மாச்சி. நீ பக்கத்திலதானே நின்னே" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

என் தலை தாழ்ந்துதான் போயிற்று. நடக்கக் கூடாது என்று நீ நினைத்தது நடந்துவிட்டது.

இன்றைக்குக் காலையில் சாயா கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். எப்போதும் கூடவே உட்கார்ந்து பேப்பர் வாசித்துக் காட்டுவாள். இன்று உட்காரவில்லை. வாசல்வரை போனவள் நின்று, "அந்த மலையூருக்கு இப்ப பஸ்ஸே போகுது. ரெண்டாம் ஞாயிறு போலாம். நீயே வந்து அந்தம்மாகிட்டச் சொல்லு" என்றாள். என் முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

போவேன், அக்கா. அந்தத் தாய் இப்போதும் ஸ்டோர் வேலைக்குப் போகிறாளோ என்னவோ. என்னை அவளுக்கு நினைவிருக்காது. அன்றைக்கு வாயே திறக்காமல் நின்றவளை யார் நினைவில் வைப்பார்கள்? உன்னை நினைவிருக்கும். உன் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும். வளைவு ஏறும்போது ஜன்னலோரம் நான் உட்கார்ந்துகொள்கிறேன். அவள் ஏசினால் கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருஷம் கழித்து எனக்கு வருகிற ஏச்சு அது, அதையாவது நானே வாங்கிக்கொள்கிறேன்.